உரியவரின் பக்கம் எங்கே?

சப்ரகமுவத் தோட்டங்களில் பிறந்து, கணினி கற்று, தோட்டத்து மக்களுக்காக இணையச் செயலிகள் எழுதிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே, தங்கைமாரே,

எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை, காவத்தை என்று நம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கணினி படித்த பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் வந்துவிட்டீர்கள். சிலர் பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறீர்கள். சிலர் கொழும்பில் வேலை பார்க்கிறீர்கள். ஊருக்கு வரும் சனி ஞாயிறுகளில் மரண ஆதார சங்கத்துக்கு ஒரு செயலி, புலமைப்பரிசில் நிதிக்கு ஒன்று, வாசிகசாலைக்கு ஒன்று, மழைக்காலம் வந்தால் நிவாரணப் பட்டியலுக்கு ஒன்று என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். அதுவும் காசு வாங்காமல். பாராட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் அதை ஊரார் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். நான் வேறொன்றைக் கதைக்க வந்தேன்.

நீங்கள் என்னிடம் காட்டும் செயலிகள் அநேகமாக ஒரே எலும்புக்கூட்டில் நிற்கின்றன. முகப்பில் தோட்டத்தின் படம், தலைவரின் செய்தி, விழாப் படத்தொகுப்பு. வலது மூலையில் லொகின். அதற்குள் போனால் அட்மின் பகுதி. அங்கே அங்கத்தவர்களின் பெயர், அடையாள அட்டை எண், லயத்து இலக்கம், தொலைபேசி, சந்தா நிலுவை, கடன், பிள்ளைகளின் விபரம் எல்லாம் வரிசையாக இருக்கும். பொதுப் பகுதியில் படங்கள் இருக்கின்றன, அட்மின் பகுதியில் மனிதர்கள் இருக்கிறார்கள். அந்த மனிதர்கள் தங்களைத் தாங்களே பார்க்க எந்த வழியும் இல்லை. ஒரு கொழுந்து பறிக்கும் அம்மா தன் சந்தா எவ்வளவு நிலுவை என்று அறிய வேண்டுமானால், பொருளாளரிடம் போய்க் கேட்க வேண்டும். செயலி வருவதற்கு முன்பும் அவர் அதைத்தான் செய்தார்.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அது ஏதோ ஒரு யூடியூப் பாடத்திலிருந்து வந்தது என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி நம் தோட்டத்து ஆபீசிலிருந்து வந்தது. ஆபீசுக்கு ஒரு ஜன்னல் உண்டு. உள்ளே கிளாக்கரும், செக்ரோல் என்னும் வேலைப் பதிவேடும். வெளியே வெயிலில் நாம். யாருக்கு முழுநாள் வேலைக்கான முழுப்பேர், யாருக்கு அரைப்பேர், எத்தனை கிலோ நிறுவை, முற்பணத்தில் எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் உள்ளே எழுதப்படும். வெளியே நிற்பவருக்கு மாதக் கடைசியில் ஒரு சீட்டு. அதற்கும் முந்தைய காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. கங்காணி பட்ட கடனை அடைத்தால் அவருடைய ஆட்களை விடுவிப்பதாக ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அதில் யாருடைய உழைப்பு ஈடாக வைக்கப்பட்டதோ, அவர்களுக்கு அதில் எழுதியிருந்த தொகை தெரியாது. 1921இல் அந்த முறையைச் சட்டம் ஒழித்தது. ஆனால் கணக்கு ஒரு பக்கம், கணக்குக்கு உரியவர் மறுபக்கம் என்ற பிரிவு அதோடு போய்விடவில்லை. இப்போது விசைப்பலகை நம் கையில் இருக்கிறது. பழைய ஜன்னலையே மறுபடி கட்டுகிறோமா என்பதுதான் என் கேள்வி.

ஆகவே, செயலியைப் பொது, நிர்வாகம் என்று இரண்டாகப் பிரிக்காதீர்கள். மூன்றாகப் பிரியுங்கள். ஊருக்கு உரியது, உரியவருக்கு உரியது, அலுவலகத்துக்கு உரியது.

மரண ஆதார சங்கத்தையே எடுத்துக்கொள்வோம். சங்கத்தின் யாப்பு, நிர்வாகிகளின் பெயர், ஒரு மரணத்துக்கு எவ்வளவு கொடுக்கப்படும், இந்த வருடம் மொத்த வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்பவை ஊருக்கு உரியவை. நிறையச் சங்கங்கள் இவற்றைத்தான் மறைக்கின்றன, ஆனால் அங்கத்தவர்களின் தொலைபேசி எண்களைத் தாராளமாக வட்ஸ்அப்பில் அனுப்புகின்றன. தலைகீழ். தனிப்பட்ட ஓர் அங்கத்தவர் கட்டியது, நிலுவையில் உள்ளது, அவர் யாரைத் தன் வாரிசாகக் குறித்திருக்கிறார் என்பது அவருக்கும், அவர் கணக்கைப் பார்க்கும் பொறுப்புள்ள ஒருவருக்கும் மட்டும். பதிவு செய்தல், திருத்துதல், அனுமதித்தல் ஆகியவை அலுவலகத்தின் வேலை.

நாட்டின் சட்டமே இந்தக் கோட்டை இரண்டு பக்கமிருந்தும் வரைந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் பொது அதிகாரசபைகள் எதைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு தனிப்பட்ட தகவலுக்கு விலக்கும் கொடுக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மறுபக்கத்திலிருந்து வருகிறது: தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும், பிழையிருந்தால் திருத்தக் கேட்கவும் உரியவருக்கு உரிமை உண்டு என்கிறது. அதன் பகுதிகள் கட்டங்கட்டமாகவே நடைமுறைக்கு வருகின்றன. நீங்கள் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

இந்த மூன்று பகுதிகளும் ஒன்றோடொன்று உரசும் இடம்தான் கடினமானது. அஸ்வெசுமவை நினைத்துப் பாருங்கள். சமுர்த்திக்குப் பதிலாக வந்த அந்தத் திட்டத்தில், 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தெரிவானோர் பட்டியல் வெளியானபோது, விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்யலாம், தகுதியில்லாதவர் பட்டியலில் இருப்பதாக நினைப்பவர்கள் ஆட்சேபனை தெரிவிக்கலாம் என்று இரண்டு வழி வைத்தார்கள். இணையத்திலும் வைத்தார்கள். மேன்முறையீடு என்பது உரியவரின் பகுதி; அவர் தன் விபரத்தைத் திறந்து தன் குறையை எழுதுகிறார். ஆட்சேபனை என்பது அப்படியல்ல. பக்கத்து லயத்துக்காரர் என் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறார். அவருக்கு என் பெயர் பட்டியலில் இருப்பது தெரிய வேண்டும். என் வருமானமோ, வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பதோ தெரியக் கூடாது. ஆட்சேபித்தவர் யார் என்பது எனக்கும் தெரியக் கூடாது, ஒரே லயத்தில் சுவருக்குச் சுவர் இருக்கிறோம். ஆனால் விசாரிக்கும் உத்தியோகத்தருக்கு இரண்டும் தெரிய வேண்டும். ஒரே விண்ணப்பத்தை மூன்று பேர் மூன்று விதமாகப் பார்க்கிறார்கள். இதை 'அட்மினா இல்லையா' என்ற ஒற்றைக் கேள்வியால் எழுதவே முடியாது. உங்கள் புலமைப்பரிசில் செயலியிலும் இதே சிக்கல் இருக்கிறது. தெரிவான பிள்ளைகளின் பட்டியலைப் போடும்போது பக்கத்தில் 'தந்தை இல்லை', 'மாத வருமானம்' என்ற நிரல்களையும் சேர்த்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். தெரிவுக்குக் காரணம் காட்ட வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். அந்தப் பிள்ளை திங்கட்கிழமை பாடசாலைக்குப் போக வேண்டும்.

அடையாள அட்டை எண்ணைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் செயலிகளில் பாதி அதில்தான் தவறுகின்றன. பழைய ஒன்பது இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டப்படும். பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 532. 2016இலிருந்து வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கமாக முழுதாகவே இருக்கிறது. ஆக, ஒருவரின் எண்ணைப் பொதுப் பக்கத்தில் போட்டால் அவருடைய பிறந்த திகதியையும் பால்நிலையையும் சேர்த்துப் போட்டதாகத்தான் அர்த்தம். அதோடு நிற்கவில்லை. உரியவரின் பகுதிக்குள் நுழைய 'அடையாள அட்டை எண்ணும் பிறந்த திகதியும்' கேட்கும் செயலிகள் இருக்கின்றன. இரண்டாவது கேள்விக்கான விடை முதல் விடைக்குள்ளேயே இருக்கிறது! பூட்டும் சாவியும் ஒன்று. அந்த எண்ணைப் பக்கத்தின் முகவரியில் வைப்பதும் அதே பிழைதான். முகவரி வட்ஸ்அப்பில் போகும், உலாவியின் வரலாற்றில் தங்கும், கடைக்காரரின் கணினியில் கிடக்கும். தரவுத்தளத்தில் ஒவ்வொருவருக்கும் அர்த்தமில்லாத, ஊகிக்க முடியாத ஓர் எண்ணைக் கொடுங்கள். அடையாள அட்டை எண் ஒரு நிரலாக உள்ளே இருக்கட்டும். திரையில் காட்ட வேண்டிய இடத்திலும் கடைசி மூன்று இலக்கம் போதும்.

இனிக் கட்டுமானம். நீங்கள் பெரும்பாலும் லாராவெல் அல்லது ஜாங்கோவில் எழுதுகிறீர்கள். ஜாங்கோவின் கதை நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்துகிறது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில், செய்தித்தளங்களை அவசரமாகக் கட்ட வேண்டியிருந்த நிரலாளர்கள் 2003இல் தொடங்கி எழுதி, 2005இல் வெளியிட்டது அது. செய்தியாளர்கள் உள்ளே இருந்து தரவை ஏற்றவும் வாசகர் வெளியே இருந்து படிக்கவும் வேண்டும் என்பதால், அட்மின் பகுதி தானாகவே உருவாகும்படி செய்தார்கள். அந்த வசதிதான் நம் பிள்ளைகளை மயக்குகிறது. பத்து வரியில் அட்மின் வந்துவிடுகிறது. ஆனால் அந்த அட்மின் அமைப்பின் உள்வேலைக்கானது, உங்கள் முகப்பு முழுவதையும் அதைச் சுற்றிக் கட்டாதீர்கள் என்று ஜாங்கோவின் கையேடே சொல்கிறது. சங்கப் பொருளாளருக்கு அதைத் திறந்து கொடுத்தால், அவர் கண்முன் தரவுத்தள அட்டவணைகள் அப்படியே நிற்கும். எதையும் திருத்தலாம், எதையும் அழிக்கலாம். பொருளாளருக்கு வேண்டியது மூன்று திரை: இன்று சந்தா கட்டியவர், நிலுவையில் உள்ளவர், செலவுச் சீட்டு. அந்த மூன்றைக் கட்டிக் கொடுங்கள். தானாக வந்த அட்மினை உங்களுக்கென்று மட்டும், இணையத்துக்கு நேராகத் திறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்புகளைப் பிரிக்கும் முறையில் ஒரே வார்ப்புருவுக்குள் 'அட்மின் என்றால் இந்தப் பொத்தானைக் காட்டு' என்று எழுதிப் போவதை நிறுத்துங்கள். முதல் மாதம் மூன்று இடத்தில் இருக்கும் அந்த வரி, ஒரு வருடத்தில் முப்பது இடத்தில் இருக்கும், ஓரிடத்தில் மறந்துபோகும். மூன்று பகுதிக்கும் தனித்தனி வழித்தொகுதி, தனித்தனி வார்ப்புரு, தனித்தனி அடிப்படை கட்டுப்படுத்தி வையுங்கள். பொதுவாக இருக்க வேண்டியவை கணக்கு விதிகள் மட்டும்: நிலுவையைக் கணக்கிடும் முறை, மரண உதவிக்கான தகுதி, இப்படியானவை. அவை ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொருளாளரின் திரையில் ஒரு தொகையும் அங்கத்தவரின் திரையில் வேறொரு தொகையும் வரும், அதற்குப் பிறகு சங்கமே இருக்காது.

பொத்தானை மறைப்பது காவலாகாது. இதை நீங்கள் படித்திருப்பீர்கள், ஆனாலும் செய்வதில்லை. 2019 மே மாதத்தில் அமெரிக்காவின் பெரிய காணி உறுதிக் காப்புறுதி நிறுவனமொன்றான ஃபர்ஸ்ட் அமெரிக்கனின் தளத்தில், ஒரு ஆவணத்தின் இணைப்பிலுள்ள எண்ணில் ஒன்றைக் கூட்டினால் வேறொருவரின் ஆவணம் திறக்கும் என்பது வெளியானது. கடவுச்சொல் ஏதும் தேவைப்படவில்லை. அப்படித் திறந்து கிடந்தவை ஏறத்தாழ 88 கோடியே 50 இலட்சம் பதிவுகள். வங்கிக் கணக்கு எண்களும் அதில் இருந்தன. பூட்டை உடைக்க யாரும் வரவில்லை, கதவே இல்லை. இணையச் செயலிகளின் பலவீனங்களைத் தொகுக்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2021இல் வெளியிட்ட முதற்பத்துப் பட்டியலில், அதுவரை ஐந்தாம் இடத்திலிருந்த அணுக்கக் கட்டுப்பாட்டுக் குறைபாடு முதலிடத்துக்கு வந்தது. உங்கள் சங்கச் செயலியில் அங்கத்தவர் 412 லொகின் செய்துவிட்டு, முகவரியில் 413 என்று மாற்றினால் என்ன நடக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். லொகின் செய்தவரா என்று கேட்பது ஒரு சோதனை. இந்தப் பதிவு இவருடையதா என்று கேட்பது இன்னொரு சோதனை. இரண்டாவதை ஒவ்வொரு வேண்டுகோளிலும், சர்வரில், பதிவை எடுக்கும் இடத்திலேயே செய்ய வேண்டும். கைப்பேசிச் செயலிக்கென்று திறந்து வைத்திருக்கும் ஏபிஐக்கும் இதுவே சட்டம். முகப்பைப் பூட்டிவிட்டு ஏபிஐயைத் திறந்து வைத்திருப்பவர்கள் உங்களில் இருக்கிறீர்கள்.

இயல்புநிலை மூடியதாகவே இருக்கட்டும். திறக்க வேண்டிய பக்கங்களை மட்டும் பெயர் சொல்லித் திறவுங்கள். முன்பு ஜாங்கோவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பூட்டு நாமே போட வேண்டியிருந்தது. மறந்தால் திறந்து கிடக்கும். 2024இல் வந்த 5.1 பதிப்பில், எல்லாப் பக்கத்துக்கும் லொகின் வேண்டும் என்று ஒரே மிடில்வேரில் சொல்லிவிட்டு, வேண்டாத பக்கங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கும் வசதி வந்திருக்கிறது. லாராவெலில் வழித்தொகுதி முழுவதையும் அங்கீகார மிடில்வேருக்குள் போட்டுவிடலாம். புதிதாக ஒரு பக்கத்தை அரைத் தூக்கத்தில் எழுதிச் சேர்த்தாலும் அது பூட்டியபடியே பிறக்கும்.

பொதுப் பகுதி அங்கத்தவர் அட்டவணையைத் தொடவே கூடாது என்பது என் பிடிவாதம். வெளியிட வேண்டிய நிரல்களை மட்டும் கொண்ட ஒரு தனிப் பார்வையைத் தரவுத்தளத்தில் உருவாக்கி, வாசிக்க மட்டும் அனுமதியுள்ள தனிப் பாவனையாளர் பெயரில் பொதுப் பகுதி அதைப் படிக்கட்டும். முடிந்தால் இன்னும் ஒரு படி போங்கள்: நிர்வாகி 'வெளியிடு' என்று அழுத்தும்போது பொதுப் பக்கங்கள் நிலையான கோப்புகளாக எழுதப்பட்டு வேறொரு இடத்தில் போய் உட்காரட்டும். களனி கங்கைப் பள்ளத்தாக்கில் ஒரு கோடு சிக்னலில் வேலை செய்யும் கைப்பேசிக்கு அப்படிப்பட்ட பக்கம்தான் திறக்கும், டேட்டாவும் மிச்சம். விழாப் படத்தொகுப்பில் யாரோ படமென்ற பேரில் ஏற்றிவிட்ட ஒரு நச்சு நிரல், அங்கத்தவர் தரவு இருக்கும் சர்வருக்குப் போகவும் வழியிருக்காது.

2016 ஆகஸ்டில் இலங்கை ஜனாதிபதியின் உத்தியோகபூர்வத் தளத்துக்குள் யாரோ புகுந்து, உயர்தரப் பரீட்சைத் திகதியை மாற்றச் சொல்லி முகப்பில் எழுதிவிட்டுப் போனது நினைவிருக்கலாம். கைதானவர் கடுகண்ணாவைப் பக்கத்துப் பதினேழு வயது மாணவர். நாடே சிரித்தது. முகப்பை எழுதும் கதவும் முகப்பும் ஒரே இடத்தில் இருந்தால், உள்ளே வந்தவர் முதலில் எழுதுவது முகப்பில்தான். எழுதும் பகுதியை வேறு துணை முகவரியிலும், முடிந்தால் வேறு சர்வரிலும் வைத்து, இரண்டாம் கட்ட அடையாளச் சோதனை ஒன்றும் போடுங்கள். குக்கிகளை அந்தத் துணை முகவரிக்கு மட்டும் உரியதாக வையுங்கள்.

இதில் தற்காலிகச் சேமிப்பு, அதாவது கேஷ், ஒரு பொறி. பொதுப் பக்கத்தைச் சேமித்து வைத்து எல்லோருக்கும் ஒரே பிரதியைக் கொடுப்பது நல்லது. உரியவரின் பக்கத்துக்கு அதே விதி பட்டுவிட்டால், ஒருவரின் கணக்கு மற்றவரின் திரையில் வரும். 2015 நத்தார் நாளில் ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் நடந்தது அதுதான். தாக்குதலைச் சமாளிக்கச் சேமிப்பு விதியை அவசரமாக மாற்றியபோது, சுமார் 34,000 பேரின் பக்கங்கள் பிறர் கண்ணில் படக்கூடியதாயின. மூன்று பகுதியும் முகவரியிலேயே பிரிந்திருந்தால், எதைச் சேமிக்கலாம் எதைச் சேமிக்கக் கூடாது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

அலுவலகப் பகுதிக்குள்ளும் எல்லோரும் ஒன்றல்ல. 'அட்மின்' என்று ஒரே பாவனையாளர் பெயர், ஒரே கடவுச்சொல், அதைத் தலைவர், செயலாளர், பொருளாளர், பொருளாளரின் மகன் ஆகியோர் பாவிக்கிறார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறும், கடவுச்சொல் மாறாது. பழைய பொருளாளர் புதியவரின் கணக்கைத் திருத்த முடியும் என்பதுகூட யாருக்கும் தோன்றுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் கொடுங்கள். பொறுப்புக்கு ஒரு முடிவுத் திகதி போடுங்கள், அடுத்த பொதுக்கூட்டத் திகதியே அது. பதிபவர் வேறு, அனுமதிப்பவர் வேறு. மேற்கணக்கின், அதாவது தோட்டத்தின் மேற்பிரிவின், பொறுப்பாளருக்குக் கீழ்க்கணக்கு ஆட்களின் விபரம் தேவையில்லை. வரவு செலவைப் பார்க்கும் கணக்காய்வாளருக்குப் பார்க்க மட்டும் அனுமதி. இப்படிப் பிரித்து வைத்தாலும் தரவே தொலைந்தால் பயனில்லை, ஆகவே பிரதிகளும் எடுத்து வையுங்கள்: 2023இல் இலங்கை அரச மேகக் கணிமையைக் கப்பம் கோரும் நச்சுநிரல் தாக்கியபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் பிரதி இல்லாததால் போயே போயின.

நிவாரணப் பட்டியல் எழுதுபவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய ஒரு செயலி நம் நாட்டிலேயே பிறந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு சில வாரங்களுக்குள் லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷனின் தொண்டர்கள் எழுதிய 'சஹானா' அது. காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, உதவி அமைப்புகளின் பதிவேடு, உதவிக் கோரிக்கைகள் என்று தொகுதி தொகுதியாகப் பிரித்திருந்தார்கள். காணாமற்போனவரை யாரும் தேடக்கூடியதாக இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் அந்தப் பதிவேட்டுக்கு அர்த்தமில்லை. முகாமில் இருக்கும் தனித்த பெண்கள், அநாதைப் பிள்ளைகள் யாரென்பது பொறுப்பானவரைத் தவிர வேறெவர் கண்ணிலும் படக் கூடாது. ஒரே பேரிடரின் தரவு, இரண்டு வேறு பார்வையாளர். அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2006இல் பிலிப்பைன்ஸின் மண்சரிவுக்கும் அதைப் பாவித்தார்கள். அதே ஆண்டு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் கிடைத்தது. 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டியவிலும் மலை இறங்கியதை நாம் மறக்கவில்லை. அப்படி நடக்கும்போதெல்லாம், பெயர், அடையாள எண், தொலைபேசி, 'வீட்டில் ஆண் துணை இல்லை' என்ற குறிப்பு எல்லாம் சேர்ந்த விரிதாள் ஒன்று எவரும் திறக்கக்கூடிய இணைப்பாகச் சுற்றும். உதவி செய்ய வருபவருக்கும் தொந்தரவு செய்ய வருபவருக்கும் அதே இணைப்புத்தான். மழை வருவதற்கு முன்பு, ஒரு வெயில் நாளில், அந்தச் செயலியை மூன்று பகுதியாகப் பிரித்து எழுதி வைத்துவிடுங்கள்.

உரியவரின் பகுதியைப் பற்றி நீங்கள் சொல்லும் மறுப்பு எனக்குத் தெரியும். 'அண்ணே, எங்கள் அம்மாமார் லொகின் செய்வார்களா?' செய்வார்கள், நாம் அவர்களுக்குத் தோதாகக் கட்டினால். மின்னஞ்சல் கேட்காதீர்கள். கடிதத்தில் குறியீடு அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். லயத்துக்குத் தனி முகவரி இல்லாமல் கடிதங்கள் ஆபீஸ் வழியாகவே வரும் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன, பழைய ஜன்னலுக்கே போய்விடும். குறுஞ்செய்திக் குறியீடும் முழுத் தீர்வல்ல. வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி மகனோடு கொழும்புக்குப் போயிருக்கும். மாதக் கூட்டத்தில் ஆளைப் பார்த்துக் கையில் கொடுக்கும் ஓர் அட்டையில் அங்கத்துவ எண்ணும் மூடிய இரகசிய எண்ணும் இருந்தால் போதும். நான்கு இலக்கம் என்றால் பத்தாயிரம் சேர்க்கைகள்தான், ஆகவே ஐந்து பிழைக்குப் பிறகு பூட்டிவிடுங்கள். பொத்தான் தொலைபேசிக்காரருக்கு மாதம் ஒரு குறுஞ்செய்தி: 'சந்தா கட்டியது இவ்வளவு, நிலுவை இவ்வளவு.' வாசிகசாலையில் ஒரு பிள்ளை அம்மாவுக்காகத் திறந்து காட்டினால், 'உதவியாளர் திறந்தார்' என்று அது பதிவாகட்டும்.

அதிகம் பேர் அந்தப் பகுதிக்கு வரப்போவது பெயர் திருத்தத்துக்குத்தான். பிறப்புப் பதிவில் பதிவாளர் சிங்களத்தில் எழுதிய பெயர் ஒன்று, செக்ரோலில் கிளாக்கர் ஆங்கிலத்தில் எழுதிய பெயர் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. லெட்சுமி, லட்சுமி, லக்சுமி மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்க, ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போகும் வயதில் சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு அலைய வேண்டியிருக்கிறது. சம்பளத்திலிருந்து 8 வீதமும் கம்பெனியிடமிருந்து 12 வீதமும் வருடக்கணக்காகச் சேர்ந்த காசு, ஓர் எழுத்தில் மாட்டி நிற்கிறது. ஆகவே பெயருக்கு ஒரே நிரல் வைக்காதீர்கள். மூன்று மொழியிலும் ஆவணத்தில் உள்ளபடியே பதிந்து, எந்த ஆவணம் என்றும் குறியுங்கள். தேடல் மூன்றிலும் தேடட்டும். உரியவர் தன் பக்கத்திலிருந்து திருத்தம் கோரட்டும், அலுவலகம் ஆவணம் பார்த்து அனுமதிக்கட்டும், பழைய பெயர் அழியாமல் வரலாற்றில் இருக்கட்டும். நாளைக்குச் சத்தியக்கடதாசிக்கு அந்த வரலாறே சாட்சி. இன்னொன்று: பொதுப் பக்கத்தைத் தமிழில் அழகாக வைத்துவிட்டு அலுவலகத் திரையை ஆங்கிலத்தில் விட்டுவிடுகிறீர்கள். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் நம் தரவைக் கையாளப்போகிறவர் சிங்களம் மட்டும் தெரிந்த கிராம உத்தியோகத்தராகவோ தமிழ் மட்டும் தெரிந்த செயலாளராகவோ இருப்பார். புரியாத திரையில் மனிதர் ஊகித்து அழுத்துவார்கள்.

கடைசியாக, நடவடிக்கைப் பதிவு. யார் எப்போது எதைத் திருத்தினார் என்று பதியும் லொக் உங்களில் சிலரின் செயலியில் இருக்கிறது. அதை அட்மினுக்கு மட்டும் காட்டுகிறீர்கள். உரியவருக்கும் காட்டுங்கள். 'மார்ச் 3, பொருளாளர் உங்கள் நிலுவையை 600இலிருந்து 900ஆக மாற்றினார்' என்று அவர் பக்கத்தில் ஒரு வரி. ஒரு சங்கத்தில் இதைச் சொன்னபோது, சண்டை வரும் என்றார்கள். வரலாம். ஆனால் அந்தச் சண்டை, எவ்வளவு, யார், எப்போது என்ற விபரத்தோடு வரும்.

தீபாவளிக்கு ஊருக்கு வருவேன். வரும்போது செயலியைக் காட்டுவதற்கு முன் ஒரு தாளைக் காட்டுங்கள். இடப்பக்கம் கீழ்நோக்கி உங்கள் தரவு ஒவ்வொன்றும்: பெயர், எண், நிலுவை, வாரிசு, வருமானம். மேலே ஊர், உரியவர், அலுவலகத்தின் ஒவ்வொரு பொறுப்பு. கட்டத்துக்குள் பார்க்கலாம், திருத்தலாம், இல்லை என்று மூன்றிலொன்று. உரியவரின் நிரலை முதலில் நிரப்பிக்கொண்டு வாருங்கள். மற்றதை வாசிகசாலைத் திண்ணையில் இருந்து சேர்ந்தே நிரப்புவோம்.

அன்புடன்,
எட்டியாந்தோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவன்